விடுமுறை யாருடைய ஹக்கு?

அரபு நாட்டில் பணிபுரியும் ஒருவர் விடுமுறையில் வருகிறார் என்றால், அந்த விடுமுறையைப் பற்றி ஊரில் எல்லாரும் பேசுகிறார்கள். கொத்தனார் பேசுகிறார், நிலத்தரகர் பேசுகிறார், கலியாண வீட்டார் பேசுகிறார்கள், ஜமாஅத்தாரும் பேசுகிறார்கள். பதினொரு மாதமாக அந்த முப்பது நாளை எண்ணிக்கொண்டிருந்த மனைவியும் மக்களும் மட்டும் பேசுவதில்லை. அவர்கள் சார்பில் சில சொற்கள் எழுத வேண்டிய கடமை நமக்கு நேர்ந்திருக்கிறது.

நேர்ந்த விதம் இது. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் ரியாத் நகரில் பணிபுரிகிறார். மனைவியும் இரு மக்களும் தாயாரும் இங்கே சீவலப்பேரியில் இருக்கின்றனர். சவூதித் தொழிலாளர் சட்டப்படி ஆண்டுக்கு 21 நாள் விடுப்பு. ஒரே முதலாளியிடம் ஐந்தாண்டு நிறைந்தால் 30 நாள். இவர் ஐந்தாண்டு நிறைந்தவர். அண்மையில் ஊருக்கு வந்திருந்தபோது, ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மடித்த தாள் ஒன்றை விரித்தார். அடுத்த ஆண்டு விடுமுறைக்கான திட்டம் அது. "ஹஜ்ரத், பிள்ளைகளை இந்தோனேசியாவுக்குக் கூட்டிப் போகிறேன். பன்னிரண்டு இரவு. ஒரு நாள்கூட வீணாகாமல் போட்டிருக்கிறேன். துஆச் செய்யுங்கள்" என்றார்.

தாளைப் பார்த்தோம். ஜகார்த்தாவில் இரண்டு இரவு, யோக்யகார்த்தாவில் இரண்டு, புரோமோ எரிமலையடியில் ஒன்று, பாலியில் மூன்று, லோம்போக்கில் இரண்டு, கொமோடோவுக்குச் செல்லும் துறையான லாபுவான் பாஜோவில் இரண்டு. வானூர்தி, தொடர்வண்டி, கார், படகு என்று ஊர்திகள் அனைத்தும் அதில் இடம்பெற்றிருந்தன.

செய்தி இஷாத் தொழுகைக்குள் பள்ளிவாசலை எட்டிவிட்டது. பெரியவர்கள் சிலர் நம்மைச் சூழ்ந்துகொண்டனர். "உம்ராவுக்கா போகிறான்? ஊர் சுற்றத்தானே போகிறான்? இது இஸ்ராப் இல்லையா, ஹஜ்ரத்? நீங்கள்தான் அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்" என்றனர். புத்தி சொல்லத்தான் போகிறோம். ஆனால் இரு தரப்பாருக்கும் சொல்லப் போகிறோம். மூத்தவர்களுக்கே முதலுரிமை என்பதால் அவர்களிடமிருந்து தொடங்குவோம்.

பெரியோர்களே! இஸ்ராப் எனும் சொல்லை நாம் எங்கே பயன்படுத்துகிறோம், எங்கே விழுங்கிவிடுகிறோம் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு நிக்காஹ் விருந்தில் உண்டது பாதி, எறிந்தது பாதி என்றானபோது நம்மில் எவரேனும் அந்தச் சொல்லை உரக்கச் சொன்னோமா? குடியிருக்க ஆளில்லாத மாடிக்குப் பளபளக்கும் கல் பதித்தபோது சொன்னோமா? விருந்துண்டு வாழ்த்தினோம், மாடியேறிப் பார்த்து மெச்சினோம். கணவன் தன் மனைவியையும் மக்களையும் அழைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் வெளியே புறப்படும்போது மட்டும் நமக்கு மார்க்கம் நினைவுக்கு வருகிறது. இது நீதியா?

பூமியில் சென்று பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருமறை ஓரிடத்தில் அன்று, பல இடங்களில் பணிக்கிறது. அப்பணிப்பு ஆண்களுக்கு மட்டும் என்று எந்த விரிவுரையிலும் நாம் ஓதியதில்லை. இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பிருந்த அபூதர்தா (ரலி) அவர்களிடம், உம்முடைய குடும்பத்துக்கும் உம்மீது ஹக்கு உண்டு எனும் கருத்தைச் சல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததும், நபி பெருமானார் (ஸல்) அவர்கள் சல்மானின் சொல்லை மெய்யெனக் கூறியதும் புகாரி ஷரீபில் உள்ள செய்தி. வணக்கத்தில் மூழ்கியவருக்கே இவ்வெச்சரிக்கை என்றால், வருமானத்தில் மூழ்கியவருக்கு எத்தனை மடங்கு எச்சரிக்கை வேண்டும்!

இன்னொன்றையும் நினைவூட்டுவோம். கலீபா உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு மதீனாவின் தெருவில் வலம் வந்தபோது, போருக்குச் சென்ற கணவனை நினைந்து ஒரு பெண் புலம்புவது அவர்கள் செவியில் விழுந்தது. தம் மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம், கணவனைப் பிரிந்து ஒரு பெண் எத்தனை காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டறிந்தார்கள். நான்கு மாதம் என்று ஓர் அறிவிப்பு. ஆறு மாதம் என்று மற்றோர் அறிவிப்பு. அதற்கு மேல் எந்தப் போர்வீரனையும் வீட்டை விட்டுப் பிரித்து வைக்கலாகாது என்று கட்டளை பிறப்பித்தார்கள். விடுப்புச் சட்டம் ஒன்று நம் வரலாற்றில் எங்கிருந்து பிறந்தது என்பதைக் கவனியுங்கள்! காத்திருந்த ஒருத்தியின் குரலிலிருந்து பிறந்தது. ஆறு மாதத்தையே எல்லை என்றார் கலீபா. நம் வீட்டுப் பெண்களோ பதினொரு மாதம், சில வீடுகளில் இரண்டாண்டு பொறுத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய நாட்களைக் கடைத்தெருவில் வைத்து விலைபேச நாம் யார்?

இனி, நம் அருமை மாணவருக்கு.

தம்பி! நீ புறப்படுவதில் எமக்கு மறுப்பில்லை. நீ போட்டிருக்கும் கணக்கில்தான் மறுப்பு. ஒரு நாளும் வீணாகவில்லை என்கிறாய். எண்ணிப் பார்ப்போம். ஜகார்த்தாவிலிருந்து லாபுவான் பாஜோ ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து நாகபுரி எவ்வளவோ அவ்வளவு. இடையில் ஐந்து முறை இடம் மாறுகிறாய். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெட்டி கட்டுவது, அறையை ஒப்படைப்பது, நிலையத்தில் காத்திருப்பது, புது இடத்தைத் தேடிச் சேர்வது என்று அரை நாளுக்குக் குறையாது. மேலும், ஜகார்த்தாவுக்கும் பாலிக்கும் ஒரு மணி நேர வேறுபாடு. அந்நாட்டுக்குள்ளேயே மூன்று நேர வலயங்கள் இருக்கின்றன. 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள் கொண்டு, மேற்கு முனை சபாங் முதல் கிழக்கே மெராவ்கே வரை 5,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் நாட்டை, நம் பாளையங்கோட்டைச் சந்தையைச் சுற்றி வருவதுபோல் சுற்ற எண்ணுகிறாய்.

உன் தாளில் நெருப்புமலைகளுக்கு இடமில்லை. ஆனால் அவை உன் தாளைக் கேட்டு நடப்பதில்லை. 2024 நவம்பரில் புளோரஸ் தீவின் லெவோடோபி மலை சாம்பல் கக்கியபோது பாலியின் வானூர்திகள் பல நின்றுபோயின. பாலி மக்களின் நியெப்பி எனும் மௌனத் திருநாளில் அத்தீவின் வானூர்தி நிலையமே ஒரு பகலும் இரவும் மூடிக்கிடக்கும். ஆறு ஊர்களைக் கோத்த சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மீதி ஐந்தும் குலையும். முதலாளி கொடுத்த நாளோ நீளாது.

நீ ஓதிய பிக்ஹுப் பாடத்தையே உனக்கு நினைவூட்டுகிறோம். முஸாபிர் எப்போது முகீம் ஆகிறான்? ஹனபி மத்ஹபில் ஓரிடத்தில் பதினைந்து நாள் தங்க நிய்யத்து வைத்தால். ஷாபிஈ மத்ஹபில், சென்று சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத்து வைத்தால். இந்தோனேசிய முஸ்லிம்களும் நம் காயல்பட்டினத்தாரும் பெரும்பாலும் ஷாபிஈகளே. எந்த மத்ஹபின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டாலும், உன் தாளில் நீ முகீமாகும் ஊர் ஒன்றுமில்லை. பன்னிரண்டு இரவும் நீ முஸாபிர். உன் மனைவியும் முஸாபிர். உன் மக்களும் முஸாபிர். பதினொரு மாதம் பிரிந்திருந்தவர்கள் ஒன்றுகூடி, ஒரு கூரையின் கீழ் நிலைகொள்ளாமலே மீண்டும் பிரியப் போகிறீர்கள். தொழுகையைச் சுருக்கிக்கொள்ளப் பயணிக்குச் சலுகை உண்டு. மனைவியோடும் மக்களோடும் இருக்கும் பொழுதைச் சுருக்கிக்கொள்ளச் சலுகை எங்கே இருக்கிறது?

இதைக் கேட்டு மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "இவ்வளவு செலவழித்துப் போய் ஒரே ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நட்டமல்லவா, ஹஜ்ரத்?" என்றார்.

நட்டமா? இப்னு பதூதாவைவிடப் பெரிய பயணி உண்டோ? ஏறத்தாழ முப்பதாண்டு உலகைச் சுற்றிய அவர், 1340-களில் சுமத்ராவின் சமுத்திரா நகரை அடைந்தார். அதன் சுல்தான் மலிக்குழ் ழாஹிர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர், உலமாக்களோடு உரையாடுவதில் விருப்பமுள்ளவர் என்று எழுதிவைத்தார். அதை எப்படி அறிந்தார்? அந்நகரில் பதினைந்து நாள் அளவில் தங்கினார்; அதனால் அறிந்தார். காலையில் இறங்கி மாலையில் ஏறியிருந்தால் அரண்மனையின் வாயிலைப் பார்த்திருப்பார். அரசரைப் பார்த்திருக்க மாட்டார்.

நம் முன்னோரும் அந்தக் கரையில் தங்கியவர்களே. தாமிரபரணி கடலோடு கலக்கும் கரையிலிருந்த காயல் துறையைக் கப்பலோட்டிகள் உலகெங்கும் அறிந்திருந்தனர். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் அருகே, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எனும் வணிகக் குழுவினர் 1088-ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. உயர்ந்த கற்பூரம் கப்பலேறிய துறை அது. நம் மய்யித்தின் கபனில் இடும் கற்பூரத்துக்கு அரபியில் காபூர் என்று பெயர். அச்சொல்லின் வேர் மலாய் மொழியின் காப்பூர் என்பர் மொழியறிஞர். வடக்கு அச்சேயில் பாஸையின் முதல் முஸ்லிம் அரசர் மலிக்குஸ் ஸாலிஹின் கல்லறை 1297-ஆம் ஆண்டைக் காட்டி நிற்கிறது. பண்டா அச்சேயின் பைத்துர் ரஹ்மான் பள்ளியோ, 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நகரையே அழித்தபோதும் நிலைத்து நின்றது. மேடான் நகரில் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவருகின்றனர். எம்மைக் கேட்டால், மேடானில் நான்கு இரவு, பண்டா அச்சேயில் ஆறு இரவு, மீதி இரண்டு வழிப்பயணத்துக்கு என்போம். 2025 நவம்பர் இறுதியில் அச்சேயையும் வட சுமத்ராவையும் பெருவெள்ளம் பேரழிவுக்குள்ளாக்கியது. ஆகவே வழிகளின் நிலையை விசாரித்துப் புறப்பட வேண்டும். 2023 டிசம்பரில் நம் தாமிரபரணி கரைமீறியதைக் கண்டவர்களுக்கு வெள்ளம் தணிந்த ஊரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எம்மைக் கேட்டு என்ன பயன்? "தம்பி, வீட்டில் கேட்டாயா?" என்றோம். மாணவர் தலை குனிந்தார். கேட்கவில்லை! தாள் ரியாத்தில் எழுதப்பட்டது. அந்தத் தாளின்படி நடக்க வேண்டியவர்களுக்கு அது காட்டப்படவேயில்லை. பெரியவர்கள் செய்த பிழையும் மாணவர் செய்த பிழையும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன. அவர்கள் அவளைக் கேளாமல் போகாதே என்றார்கள்; இவர் அவளைக் கேளாமல் போகலாம் என்றார்.

மறுநாள் மாணவர் வந்து, கேட்டதைச் சொன்னார். மனைவி, மாமியாரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்றாராம்; முதியவரால் நாளொரு ஊர் ஏறி இறங்க முடியாதே என்றும் சொன்னாராம். மகன் கேட்டது ஒன்றே ஒன்று: கொமோடோவின் பெரிய உடும்பு. அச்சேயைக் குறித்து நாம் பேசிய வரலாறெல்லாம் ஒரு சிறுவனின் உடும்புக்கு முன் தோற்றது! மகிழ்ச்சியோடு தோல்வியை ஒப்புக்கொண்டோம். அப்படியானால் லாபுவான் பாஜோவுக்கே போகட்டும்; மற்ற ஐந்தையும் அடித்துவிட்டு அங்கேயே தங்கட்டும். ஒரு பகல் உடும்பைப் பார்க்கட்டும். மறு பகல் சும்மா இருக்கட்டும். அந்த உடும்புகள் வாழும் கொமோடோத் தீவின் சிற்றூர் மக்களும் பெரும்பாலும் முஸ்லிம்களே. அவர்களோடு ஒரு வக்துத் தொழட்டும்.

இறுதியாக, அந்த நாட்டு மக்களே தங்கள் விடுமுறையை என்ன செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். இந்தோனேசியச் சட்டப்படி ஓராண்டு பணியாற்றிய தொழிலாளிக்குக் குறைந்தது 12 வேலை நாள் விடுப்பு. நம் மாணவரின் விடுப்பைவிட மிகக் குறைவு. நோன்புப் பெருநாளை ஒட்டி அரசு கூட்டு விடுப்பு நாட்களை அறிவிக்கிறது. அப்போது பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நகரங்களை விட்டுப் பெற்றோரின் ஊர்களுக்குச் செல்வதாக அந்நாட்டு அரசின் மதிப்பீடுகள் கூறுகின்றன. உறவினரைக் காணச் செல்வதை அவர்கள் ஸிலத்துர் ரஹ்மீ என்று நம் அரபுச் சொல்லாலேயே குறிக்கிறார்கள். ஊர் திரும்பும் அப்பயணத்துக்கு 'முடிக்' என்று பெயர். ஆற்றின் எதிர்த்திசையில் மேலேறிச் செல்வது என்பது அச்சொல்லின் பழம்பொருள்.

சிற்றாறும் தாமிரபரணியும் கூடும் ஊரில் வாழும் நமக்கு இந்தச் சொல் விளங்காதா? நம் பிள்ளைகள் ஆற்றோடு கீழிறங்கிக் கடல் கடந்து போயிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை எதிரேறி வருகிறார்கள். முப்பதில் பன்னிரண்டு போனாலும் பதினெட்டு நாள் இந்த ஊரில் இருக்கிறது. அதைக் கொத்தனாரும் தரகரும் கலியாண மண்டபமும் கூறுபோட்டுக்கொள்ள விடாமல் காப்பது பெரியவர்களின் பொறுப்பு. பன்னிரண்டையும் வானூர்தி நிலையங்கள் கூறுபோட்டுக்கொள்ள விடாமல் காப்பது பிள்ளைகளின் பொறுப்பு.

சமுதாயச் சகோதரர்களே! விடுமுறை என்பது முதலாளி தரும் சலுகையும் அன்று. சம்பாதித்தவரின் தனிச்சொத்தும் அன்று. காத்திருந்தவர்களின் அமானிதம் அது. அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கும் முன், அவரிடம் ஒரு சொல் கேளுங்கள். வல்லோன் அல்லாஹ் நம் பயணங்களையும் நம் தங்குதல்களையும் பரக்கத்துடையவையாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.