கார் வரியைக் குறைக்கச் சொல்லிக் கத்துவது நம் வேலையல்ல

கடந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் ஓட்டோ ஓட்டும் ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "சேர், வெளிநாட்டுக் காருக்கு வரி கூடிப் போச்சின்னு எல்லாரும் பேசுறாங்களே, நம்ம சங்கம் என்ன சொல்லுது?" கூட்டம் சிரித்தது. லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்டு நடையாய் நடக்கிறோம், இதில் காருக்கு வேறு பேச்சா என்று பின்னால் இருந்த ஒரு அம்மா முணுமுணுத்தார். ஆனால் அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

காரைக் கொண்டுவருவது டொலர். அந்த டொலரைத் தேடிக் கொடுப்பவர்களில் நாமும் இருக்கிறோம். 2024ஆம் ஆண்டில் தேயிலை ஏற்றுமதி நாட்டுக்கு 140 கோடி டொலருக்கு மேல் கொண்டுவந்தது. டொலர் இல்லாமல் போகும் என்ற பயத்தில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் உண்மையிலேயே டொலர் இல்லாமல் போய், வாங்கிய கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. 2025இல் வாகனங்களுக்காக 100 கோடி டொலர் வரை வெளியே போகும் என்பது அரசின் கணக்காக இருந்தது. அதாவது நாம் ஒரு வருடம் மழையிலும் அட்டையிலும் நின்று பறித்த கொழுந்தின் காசில் பெரும் பங்குக்குச் சமமான தொகை அது.

வரியை எப்படிப் போடுகிறார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம். கப்பலில் வந்து இறங்கும் காரின் பெறுமதி நூறு ரூபா என்று வையுங்கள். 2025இல் சுங்கத் தீர்வை அதில் 20 வீதமாக இருந்தது. அந்தத் தீர்வையின் மேல் 50 வீத மேலதிகக் கட்டணமும் இருந்தது. ஆக முப்பது ரூபா போயிற்று. அதன்பின் என்ஜினின் அளவைப் பார்த்து உற்பத்தி வரி வருகிறது. பெரிய கனம் இதுதான், மற்றதெல்லாம் இதற்கு முன்னால் தூசு. விலை கூடிய காராக இருந்தால் சொகுசு வரியும் சேரும். கடைசியாக, காரின் பெறுமதி, அதோடு கணக்குக்காகச் சேர்க்கும் பத்து வீதம், முன்னே போட்ட தீர்வைகள் எல்லாவற்றையும் கூட்டி, அதன்மேல் 18 வீத வற். வரிக்கும் வரி. இப்படித்தான் 2025இல் ஒரு சின்ன ஜப்பான் கார் எழுபது இலட்சம் ரூபாவை ஒட்டி நின்றது. அந்த ஆண்டு நமது நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் மாதம் 25 நாளும் முழுப் பேர் விழுந்து, ஒரு ரூபாகூடச் செலவழிக்காமல் சேர்த்தால் பதினேழு வருடத்துக்கு மேல் ஆகும். அரைப்பேர் விழுந்த நாட்களை இதில் நாங்கள் கழிக்கவில்லை.

அப்படியானால் வரியைக் குறைக்கச் சொல்லலாமே என்று அந்தத் தம்பி கேட்டார். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நம் வீட்டில் வாங்கும் சவர்க்காரத்துக்கும் அதே 18 வீத வற்தான். கொழும்பில் மாடி வீட்டில் இருப்பவரும் பெரட்டுக் களத்தில் நிற்பவரும் அதை ஒரே அளவில் கட்டுகிறோம். வசதியுள்ளவரைத் தேடிப் போய்ப் பிடிக்கிற வரி இந்த நாட்டில் மிகக் குறைவு. கார் வரி அதில் ஒன்று. அதைக் குறைத்தால் விழும் பள்ளத்தை வேறொரு வரியால்தான் நிரப்புவார்கள். அது யார் தலையில் விழும் என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம்.

நமது சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. வரியின் அளவைவிட, யார் கட்டாமல் தப்பினார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே ஒலுவிலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களில் சிலர் அங்குள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். மலையிலிருந்து இறங்கிப்போய், கடல் காற்றில் காய்ந்து, மீன் ஆணத்துக்கு நாக்கைப் பழக்கியவர்கள். மறைந்த அமைச்சர் எம்.எச்.எம்.அஷ்ரப் அந்தக் கரைக்கு இரண்டு கனவுகள் கண்டார். ஒன்று பல்கலைக்கழகம், மற்றது துறைமுகம். பல்கலைக்கழகம் நின்றது, நம் பிள்ளைகள் பலரையும் படிக்கவைத்தது. துறைமுகமோ அவர் போன பின் டென்மார்க் கடனில் 2008இல் தொடங்கி, 2013 செப்டெம்பரில் கோலாகலமாகத் திறக்கப்பட்டது. வாயிலை மணல் மூடியது. பக்கத்துக் கரையைக் கடல் தின்றது, தென்னைகள் வேரோடு சரிந்ததை நாங்கள் பார்த்தோம். கார்க் கப்பல்கள் போவதெல்லாம் ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும்தான்.

அந்த ஊரில் நாங்கள் தங்கியிருந்த வீட்டு உம்மா பத்து வருடத்துக்கு மேல் சவூதியில் வீட்டு வேலை செய்தவர். எங்கள் தோட்டத்து அக்காமார் பலரும் அதே விமானத்தில் போனவர்கள்தான். மொழியும் வேலையும் ஒன்று, படும்பாடும் ஒன்று. 2022இல் டொலர் வற்றியபோது அரசு இவர்களை நினைத்தது. அந்த ஆண்டு மே முதலாம் திகதிக்குப் பின் வங்கி வழியாகப் பணம் அனுப்பினால் மின்சார வாகனம் இறக்க அனுமதிப் பத்திரம் தருவோம் என்றார்கள். இரண்டு சக்கரத்துக்குக் குறைந்தது 3,000 டொலர், நான்கு சக்கரத்துக்கு 20,000 டொலர். அனுப்பியதில் பாதிப் பெறுமதிக்குத்தான் வண்டி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஆயிரம் ரியால் சம்பளம் என்றால் சுமார் 266 டொலர். 20,000 டொலர் அனுப்ப, ஒரு ரியாலும் தொடாமல், ஆறே கால் வருடம். வீட்டு வேலைக்காரப் பெண்ணை மனதில் வைத்து எழுதிய திட்டம் அல்ல இது. பெரிய சம்பளக்காரர் நன்மை பெற்றார், பெயர் மட்டும் 'புலம்பெயர் தொழிலாளர்' என்று இருந்தது. பிறகு ஒருமுறை நாங்கள் ஊருக்குப் போனபோது இதைப் பற்றிக் கேட்டோம். உம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "மகன், நான் அனுப்பின காசில வூடு எழும்பின. காருக்கு நான் எங்க போற?"

இதற்கு முன்பும் இதே கதைதான். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் தீர்வைச் சலுகைப் பத்திரம் கொடுத்தார்கள். பலர் பத்திரத்தையே விற்றார்கள். வாங்கியவர் காரில் போனார், விற்றவர் காசோடு போனார், அரசுக்கு வரவேண்டிய வரி காற்றில் போனது. உறுப்பினர்களுக்கு இனிப் பத்திரம் இல்லை என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் சொல்லப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் சொன்னது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டும் இருப்போம். நிறுத்திய சலுகைகள் வேறு பெயரில் திரும்பி வருவது நமக்குப் புதிதல்ல.

எல்லா வாகனத்தையும் ஒரே தட்டில் வைப்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. இறக்குமதி நின்ற காலத்தில் பழைய ஓட்டோ ஒன்றின் விலையே பத்து இலட்சத்தைத் தாண்டியது. பிரசவ வலி எடுத்த பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றி அனுப்பும் தோட்டங்கள் இன்றும் இருக்கின்றன. எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பலர் நாலைந்து கிலோமீற்றர் நடந்து நனைந்தபடி வருகிறார்கள், முதல் பாடம் சட்டை காய்வதிலேயே போய்விடுகிறது. பாடசாலை வேன், அம்பியுலன்ஸ், ஊர் பஸ் ஆகியவற்றுக்குச் சலுகை கேட்டால் அதற்கு நியாயம் உண்டு. சங்கம் கேட்க வேண்டியது அதைத்தான். காரில் வந்த வரியிலிருந்து தோட்டத்துப் பாதைக்கு எவ்வளவு வந்தது என்றும் சேர்த்துக் கேட்போம்.

இனி நம் வீட்டுக் காரியம். நம்மில் பலர் ஓட்டோவையும் வேனையும் 'ஓபன் பேப்பரில்' வாங்கி ஓட்டுகிறோம். புத்தகத்தில் பெயர் நுவரெலியாவிலோ கம்பஹாவிலோ இருக்கும் முகம் தெரியாத ஒருவருடையது. செலவு மிச்சம் என்று நினைக்கிறோம். அந்த ஆள் இறந்தாலோ, லீசிங் பாக்கி வைத்திருந்தாலோ வண்டி நம்முடையது என்று நிரூபிக்க நம் கையில் ஒன்றும் இல்லை. அப்படி வாங்கிய ஓட்டோ ஒன்றை எங்கள் டிவிஷனில் ஒரு குடும்பம் இழந்தது. மூன்று வருடம் கட்டிய காசு அது.

இப்போது கார், வேன் பதிவுக்கும் பெயர் மாற்றத்துக்கும் இறைவரித் திணைக்களத்தின் வரி இலக்கம் கேட்கிறார்கள். அந்த இலக்கம் எடுத்தால் வரி கட்ட வேண்டும் என்று லயத்தில் ஒரு வதந்தி ஓடுகிறது. இலக்கம் வேறு, வரி வேறு. மாதம் ஒன்றரை இலட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம் வந்தால்தான் வருமான வரிப் பேச்சே வரும். முகவரிதான் நமக்குச் சிக்கல். லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லை, கடிதங்கள் தோட்ட ஆபிசுக்குப் போய்க் கிடக்கின்றன. விண்ணப்பத்தை நிரப்பவும் கடிதம் கைக்கு வருவதைப் பார்த்துக்கொள்ளவும் நாங்கள் உதவுகிறோம்.

அடுத்த கமிட்டிக் கூட்டம் பாடசாலை மண்டபத்தில். ஓட்டோ, வேன் வைத்திருப்பவர்கள் வாகனப் புத்தகத்தின் போட்டோ கொப்பி, அடையாள அட்டை, விற்றவர் ஒப்பமிட்ட பேப்பர் ஆகியவற்றோடு வாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் அக்கா, தங்கை காசு அனுப்பிய வங்கித் துண்டுகள் வீட்டில் இருந்தால் அவற்றையும் எறியாமல் கொண்டு வாருங்கள்.