செக்ரோல் சொல்லும் சாட்சி

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,750 ரூபாய் ஆனது நல்லதே. ஆனால், 2026 வரவு செலவுத் திட்டம் அதில் 200 ரூபாயை வருகைக்கான ஊக்கத்தொகை என்று பிரித்து வைத்திருப்பது நெஞ்சை உறுத்துகிறது. மலையேற முடிந்தவளுக்கு அந்த 200. முழங்கால் தேய்ந்து லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டவளுக்கு என்ன?

முழங்கால் மாற்று சத்திரசிகிச்சை இருக்கிறதே என்பார்கள். முழு மூட்டு மாற்றுகளில் ஏறக்குறைய 82 சதவீதம் 25 ஆண்டுகள் நிலைக்கும் என்று 2019இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அவுஸ்திரேலிய, பின்லாந்துப் பதிவேடுகளிலிருந்து எடுத்த கணக்கு அது. மறு சத்திரசிகிச்சை நடக்காத மூட்டெல்லாம் அதில் நிலைத்த மூட்டு. அதே அளவுகோலை மடுல்சீமைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? பொருத்திய மூட்டு தளர்ந்தும், பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் பேர் போய்விடுமே என்று வலியை விழுங்குகிறவள் வெற்றிக் கணக்கில் விழுவாள்! சத்திரசிகிச்சைக்குப் பிறகும் ஐந்தில் ஒருவருக்கு நாட்பட்ட வலி தொடர்வதாக 2012இல் வந்த ஆய்வுத் தொகுப்பு கூறியது. குந்தாதே, பாரம் தூக்காதே என்று வைத்தியர் சொல்லி அனுப்புகிறார். லயத்துக் கக்கூஸில் குந்தாமல் முடியுமா? கொழுந்துக் கூடையைச் சுமக்காமல் அடுப்பு எரியுமா?

வயதானால் மூட்டு தேயத்தான் செய்யும் என்பது கம்பனிகளின் வாதம். பசறைச் சரிவில் ஒருநாள் கொழுந்து பறிக்காதவர்களின் வாதம் அது. அதற்குமேல் அதற்கு மதிப்பில்லை.

பிரித்தானியாவைப் பாருங்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் தேய்வை அந்நாடு 2009இல் தொழில்நோயாக ஏற்றது. நிலத்தடியில் மொத்தம் பத்தாண்டு உழைத்திருந்தால் உரிமை கோரலாம். தரைக் கம்பளம் பதிப்பவர்களும் பிறகு சேர்க்கப்பட்டார்கள். ஊவா மலைகளில் தேயிலையை நட்டு நம் பாட்டிமாரைக் கூடையோடு ஏற்றிவிட்டவர்களும் அந்நாட்டுத் துரைமார்தான். சுரங்கத்து முழங்காலுக்குப் பத்தாண்டு போதுமென்றால், முப்பதாண்டு மலையேறிய முழங்காலுக்கு இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

சாட்சி தோட்டத்து ஆபீசிலேயே இருக்கிறது. அவள் மலைக்குப் போன ஒவ்வொரு நாளும் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்திருக்கிறது. 200 ரூபாய் கொடுக்க அந்த ஏடு செல்லுமென்றால், நட்டஈடு கொடுக்கவும் செல்ல வேண்டும். கொழுந்து பறிப்பவளின் முழங்கால் தேய்வு தொழில்நோய்தான். சத்திரசிகிச்சைச் செலவையும், அதன்பின் அவள் வாழும் காலம் முழுவதற்குமான பராமரிப்பையும் கம்பனிகளே ஏற்க வேண்டும். அதைச் சட்டமாக்காத அரசுக்கு வருகையைப் பற்றிப் பேச உரிமையில்லை.