வைஃபை பெட்டி ரேழிக்கு மட்டும்தானா?

எங்களுடையது கும்பகோணம் பக்கத்தில் பழைய காலத்து நீள வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அடுக்களை, கொல்லை என்று ரயில் வண்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். வாசலில் யாராவது கூப்பிட்டால் அடுக்களையில் இருப்பவருக்குக் காதில் விழாது. வைஃபை மட்டும் எப்படி வந்து சேரும்?

2020 ஊரடங்கின்போது மகனும் மருமகளும் சென்னையிலிருந்து எங்களோடு வந்துவிட்டார்கள். இருவருக்கும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அப்போதுதான் இணைப்பு வாங்கினோம். தெருவிலிருந்து வயர் வந்த வசதிக்கு பெட்டியை ரேழியில் மாட்டினார்கள். என் கணவரின் சாய்வு நாற்காலி அங்கேதான். மகனுக்கு அதை ஒட்டிய அறை. மருமகளுக்கு இரண்டாம் கட்டு அறையை ஒதுக்கியவள் நான். அடுப்பையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளலாமே என்ற நினைப்புதான்! அங்கே சிக்னல் ஒரு கோடு வரும், போகும்.

மீட்டிங் நடுவில் "ஹலோ, கேட்குதா?" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடி வருவாள். அங்கே விருந்தாளிகள் இருந்தால் மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவாள். மகனிடம் சொன்னால், "எனக்கு நல்லாத்தானே வருது" என்பான். ஒரு நாள் பார்க்கப் பொறுக்காமல், "இவ்வளவு அவஸ்தைப்படறதுக்கு வேலையை விட்டுடேம்மா" என்று நானே சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிப்போனது. "சிக்னல் வரலேன்னா பெட்டியைத்தான் நகர்த்தணும் அத்தை, என்னை ஏன் நகர்த்தறீங்க?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. 1986-ல் நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். மின்விசிறி கூடத்தில்தான் சுற்றியது, அடுப்படியில் கிடையாது. பிறகு டெலிபோன் வந்தது. அதுவும் ரேழியில்தான். என் அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டால் ஈரக்கையோடு அத்தனை தூரம் ஓடிப்போய் எடுப்பதற்குள் மணி நின்றுவிடும். அன்று நான் ஓடினேன், இன்று இவள் ஓடுகிறாள். வசதி எது வந்தாலும் வாசலோடு நின்றுவிட வேண்டுமா?

இது சின்ன விஷயமில்லை. கேரளாவில் ஒரு கல்லூரி மாணவியர் விடுதியில் மாலை 6 மணி முதல் 10 மணி வரை செல்போன் கூடாது என்று விதி வைத்தார்கள். எதிர்த்த மாணவியை வெளியேற்றினார்கள். 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் அவரை மீண்டும் சேர்க்கச் சொன்னதோடு, இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது என்று தீர்ப்பளித்தது. நம் வீடுகளில் யாரும் விதி எழுதி வைக்கவில்லை. நாம் பெட்டி மாட்டும் இடமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

பிறகு நாங்கள் பட்ட பாட்டையும் சொல்கிறேன், மற்றவர்களுக்கு உதவும். முதலில் கடையில் ஒரு ரிப்பீட்டர் வாங்கி, சிக்னலே வராத அடுக்களையில் சொருகினோம். பலனில்லை. தனக்கு வருவதைத்தானே அது திருப்பி அனுப்பும்? சிக்னல் நன்றாக வரும் நடுவிடத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனத்த சுவரைத் தாண்டத் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, ஆனால் அதைவிட தூரம் போகும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது இந்த 2.4-க்கு இடைஞ்சல். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், கண்ணாடி எல்லாமே தடைதான். டி.வி.க்குப் பின்னால் பெட்டியை ஒளித்து வைக்காமல், வீட்டின் நடுவில் உயரமாக வைப்பது நல்லது.

இரண்டு மூன்று பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் 'மெஷ்' என்ற முறையும் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவருக்கு அதுவும் வயர் இல்லாமல் சரிவராது என்று எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னார். ரேழியிலிருந்து உத்தரத்தை ஒட்டி லேன் கேபிள் இழுத்து, இரண்டாம் கட்டில் இன்னொரு பெட்டி மாட்டிக் கொடுத்தார். இந்த கேபிள் 100 மீட்டர் வரை தாங்குமாம். இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. நடமாடும்போது போன் தானாக மாறிக்கொள்கிறது. சுவரை இடிக்கவில்லை, அரை நாளில் வேலை முடிந்தது. செலவு? ஒரு பட்டுப்புடவை விலைகூட இல்லை!

"அடுக்களையில் இன்டர்நெட் எதுக்கு, சீரியல் பார்க்கவா?" என்று என் கணவர் கேலி செய்தார். ஆமாம், பார்த்தால்தான் என்ன? வாசலில் உட்கார்ந்து நீங்கள் கிரிக்கெட் பார்க்கவில்லையா? மருமகள் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக வேலை பார்க்கிறாள். மீட்டிங் நேரத்தில் அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். சில நாள் மகனும்!

சகோதரிகளே, புதிதாக எதுவும் வாங்கும் முன் கையில் போனை எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து கொல்லை வரை ஒரு நடை நடந்து பாருங்கள். கோடு எங்கே குறைகிறது, அங்கே உட்காருவது யார் என்று கவனியுங்கள். மருமகளோ மகளோ என்றால், மாமியார்களே, அவர்களுக்காக முதலில் பேச வேண்டியவர்கள் நாம்தான். நான் பேசத் தாமதித்துவிட்டேன். நீங்கள் தாமதிக்காதீர்கள்.

- ஒரு மாமியார், கும்பகோணம்.