தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட்

விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசி போகும் சாலையில், பெட்ரோல் டேங்க் மேல் ஹெல்மெட்டை வைத்து ஓட்டுபவர்களைப் பார்க்கலாம். போட்டவர்களிலும் சிலர் வாரை மாட்டுவதில்லை.

உயர் நீதிமன்ற உத்தரவால் தமிழகத்தில் 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயமானது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாதவற்றை விற்க 2021 ஜூனிலிருந்து தடை. ஆனால் அளவை யார் பார்க்கிறார்கள்?

ஹெல்மெட் தளர்வாக இருந்தால், தார்ச்சாலையில் விழும்போது அது கழன்றே ஓடிவிடும்.

புருவத்துக்குச் சற்று மேலே டேப்பைச் சுற்றி அளந்து வாங்க வேண்டும். போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் கூடவே நகர வேண்டும். வாரை மாட்டியபின் பின்னாலிருந்து தள்ளினாலும் கழன்று வரக் கூடாது.

கடைக்காரர்களே, போட்டுப் பார்க்க விடுங்கள். வாங்குபவர்களே, விலைக்கு முன் அளவைக் கேளுங்கள்.