அரிசியில் சேர்த்தது உடம்பில் சேருமா?

ரேஷன் அரிசியில் நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருக்கும் செறிவூட்டப்பட்ட அரிசியை "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிகிறவர்களை எல்லோரும் கிண்டலடித்தாயிற்று. என் கேள்வி வேறு. பொறுக்காமல் அப்படியே சாப்பிட்டால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருமா?

2021 சுதந்திர தின உரையில், 2024-க்குள் எல்லா அரசுத் திட்டங்களிலும் இந்த அரிசிதான் என்று பிரதமர் அறிவித்தார். நோக்கத்தில் குறையில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி நாட்டில் 57 சதவீதப் பெண்களுக்கு ரத்தசோகை. அதனால்தான் கணக்கைச் சரியாகப் போடச் சொல்கிறேன்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியைப் பாருங்கள். ஃபெரிக் பைரோபாஸ்பேட் சேர்த்தால் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு. சோடியம் அயர்ன் இடிடிஏ என்றால் 14 முதல் 21.25 போதும். சரிபாதி! ஏன்? முதலாவது அரிசியின் நிறத்தைக் கெடுக்காது, ஆனால் எளிதில் கரையாது. உடம்பு குறைவாகவே எடுத்துக்கொள்ளும். ஆக, விதி எழுதியவர்களுக்கு விஷயம் தெரியும். சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சமாக 8.4 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. பத்து சதவீதம் சேர்ந்தால் 0.84. இரண்டு சதவீதம்தான் சேர்ந்தால் 0.17. மாதவிலக்கு வரும் வயதுப் பெண்ணுக்குத் தினமும் சுமார் ஒன்றரை மில்லிகிராம் ரத்தத்தில் சேர வேண்டும். மூட்டையில் எண் ஒன்றுதான், பலன் ஐந்து மடங்கு மாறுகிறது! அண்டாவில் ஊற்றியதை அளந்துவிட்டு, குடித்ததாகக் கணக்கு எழுதினால் எப்படி?

"எவ்வளவு சேரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதே" என்பார்கள். முயன்றவர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடனில் ஹால்பெர்க், ஹுல்தேன் இருவரும் 2000-ல் ஒரு சூத்திரமே வெளியிட்டார்கள். தானியத்திலுள்ள ஃபைட்டேட், டீயிலுள்ள டானின், கால்சியம் எல்லாம் எவ்வளவு தடுக்கும், வைட்டமின் சி, இறைச்சி எவ்வளவு உதவும் என்று கணக்குப் போடலாம்.

அதுவும் முழுமையானதல்ல. இத்தகைய சூத்திரங்களுக்கு அடிப்படை பெரும்பாலும் ஒருவேளைச் சாப்பாட்டை வைத்துச் செய்த சோதனைகள். நாள் முழுக்கச் சாப்பிடும் கலவையான உணவில் இந்த விளைவுகள் அவ்வளவு பெரிதாக இருப்பதில்லை. இன்னொன்று, காய்ச்சலோ தொற்றோ வந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, குடலில் இரும்புக்குக் கதவைச் சாத்திவிடும். அடிக்கடி நோயில் விழும் ஏழைக் குழந்தைக்குத்தான் இந்தக் கதவு அதிகம் சாத்தப்படுகிறது. திட்டமோ அந்தக் குழந்தைக்காகத்தான்!

சூத்திரம் போதாதென்றால் அளந்து பாருங்கள். உணவில் இரும்பின் ஐசோடோப்பைக் கலந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்து ரத்த சிவப்பணுவில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆய்வகத்தில் தனியாக வேகவைத்த சோற்றை வைத்து அல்ல, நம் மக்கள் சாப்பிடும் சாம்பார், ரசம், மோரோடு சேர்த்து, நம் மக்களிடமே அளக்க வேண்டும். அந்த எண்ணை மூட்டையில் போடுங்கள். கூடவே இரண்டு வரி: "சாப்பிட்டவுடன் டீ, காபி வேண்டாம். எலுமிச்சை, நெல்லி, கொய்யா நல்லது." இதற்கு அச்சு மை செலவு மட்டும்தான்.

எத்தனை டன் அரிசி கொடுத்தோம் என்ற புள்ளிவிவரத்தால் யாருக்கும் ரத்தம் ஊறாது.