மாடிப்படிக்கு எதுக்குங்க பளபளப்பு?

செவ்வாப்பேட்டை பக்கம் இப்ப எந்தத் தெருவுக்குப் போனாலும் யாராவது வீடு கட்டிக்கிட்டு இருக்காங்க. எங்க வீட்டு வேலையும் மாடிப்படி வரைக்கும் வந்தாச்சு. படிக்கு என்ன போடலாம்னு கேட்டா கடைக்காரர், மேஸ்திரி, சித்தப்பா எல்லாரும் ஒரே குரல்ல சொல்றது, "கருப்பு கிரானைட், கண்ணாடி மாதிரி பாலிஷ், சும்மா அள்ளும்!"

எனக்கு இதுல உடன்பாடே இல்லைங்க.

நம்ம பக்கம் நிறைய வீட்டுல மாடிப்படி வெளிப்புறமாத்தான் இருக்கு. மேல் போர்ஷனை வாடகைக்கு விட வசதி. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. மழை இல்லாத நாள்லயும் அம்மா ஈரத்துணி பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஏறுவாங்க, பக்கெட் சொட்டிக்கிட்டே போகும். ஆக, படி ஈரமாகுறது எங்க பொட்டி தட்டுற பாஷையில 'எட்ஜ் கேஸ்' கிடையாது, தினசரி நடக்குற விஷயம் :) ஹால்ல வழுக்கினா இடுப்போட போகும். படியில, அதுவும் அறுபது வயசுக்கு மேல வழுக்கினா?

கிரானைட் மேல எனக்குக் கோபம் இல்லை. கெட்டியான கல்லு, தண்ணி குடிக்காது, சீக்கிரம் தேயாது. பிரச்னை பாலிஷ்தான். அதே கல்லுலயே 'ஃப்ளேம்' ஃபினிஷ் இருக்கு. நெருப்புச் சூட்டுல மேல்பரப்புல இருக்குற துகள்கள் தெறிச்சு சொரசொரப்பா ஆயிடும். வெளிப்படிக்கு அதுதான் சரி. உள்படிக்கு 'லெதர்' ஃபினிஷ் போதும், பெருக்கித் துடைக்கவும் சுலபம். பாலிஷ்தான் வேணும்னு வீட்டுல அடம் பிடிச்சா, ஒவ்வொரு படி விளிம்புலயும் ரெண்டு மூணு க்ரூவ் வெட்டச் சொல்லுங்க.

பட்ஜெட் இடிச்சா கோட்டா கல்லு, கடப்பா கல்லு இருக்கு. ரெண்டும் சுண்ணாம்புக்கல் வகை, அதனால ஆசிட் ஊத்திக் கழுவுற பழக்கம் இருந்தா வேண்டாம். இதுலயும் பாலிஷ் போடாத கல்லா வாங்குங்க. டைல்ஸ்னா வழுக்காத தன்மைக்கு ஆர்-9லேர்ந்து ஆர்-13 வரைக்கும் அளவு உண்டு. நம்பர் கூடக்கூட பிடிமானம் அதிகம். கடையில டிசைன் பார்க்கறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

கல்லு எதுவா இருந்தாலும் இன்னொரு விஷயம் ரொம்ப முக்கியம். கான்கிரீட் படியை 7 இஞ்ச், 7 இஞ்ச்னு அழகா கட்டிடுவாங்க. அப்புறம் ஹால்ல கலவையும் டைல்ஸும் சேர்ந்து 3 இஞ்ச் ஏறும். படியில ஒன்றரை இஞ்ச்தான் ஏறும். முடிவுல முதல் படி ஐந்தரை இஞ்ச் ஆயிடும். மாடித் தரையும் 3 இஞ்ச் ஏறினா கடைசிப் படி எட்டரை இஞ்ச்! வீட்டுப் படி உயரம் 190 மில்லிமீட்டருக்கு, அதாவது சுமார் ஏழரை இஞ்சுக்கு, மேல போகக்கூடாதுன்னு 2016ஆம் வருஷத்து தேசியக் கட்டடக் கோட்பாடு சொல்லுது. அதை விடுங்க, நம்ம கால் ரெண்டு படி ஏறினதுமே உயரத்தை மனப்பாடம் பண்ணிடும். ஒரு படி மாறினாலும் தடுக்கும். அதனால எந்தக் கல்லு, எத்தனை இஞ்ச் கனம்னு படிக்கு சென்ட்ரிங் அடிக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும்.

கிரகப்பிரவேசத்துக்கு வர்றவங்க படியைப் பார்த்து 'சூப்பரா மின்னுதே'ன்னு சொல்லிட்டு சாப்பிட்டுக் கிளம்பிடுவாங்க. அதுக்கப்புறம் இருபது, முப்பது வருஷம் தினமும் ஏறி இறங்கப் போறது நம்ம வீட்டு ஆளுங்க. அதனால என் ஓட்டு வெளியே ஃப்ளேமுக்கு, உள்ளே லெதருக்கு. சித்தப்பாவை சமாளிக்கறதுதான் பாக்கி.

உங்க வீட்டுப் படியில என்ன போட்டிருக்கீங்க, மழையில எப்படி இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க மக்களே. கல்லு இன்னும் வாங்கலை!