மீள் அளவீட்டு ஆய்வில் பிழைப்பதம் எது?

திருவனந்தபுரம் வலியசாலைப் பகுதியே பழைய காந்தளூர்ச் சாலை என்பது வரலாற்றாளர் பலரின் கருத்து. சோழர் கல்வெட்டுகள் கூறும் 'கலமறுத்தல்' மரக்கலத்தை அழித்ததா, உண்கலத்தை நிறுத்தியதா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. சான்று ஒன்று, பொருள் இரண்டு. அதே நகரின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற இடங்களில் எடுக்கப்படும் மூளைப் படிமங்களுக்கும் இந்நிலை நேரலாம். ஆனால் கல்வெட்டை வெட்டியவரை இனிக் கேட்க இயலாது. ஆய்வை வடிவமைப்பவரைக் கேட்கலாம், அதுவும் முன்கூட்டியே.

பக்கவாதத்தால் பேச்சிழந்தோர் இரு குழுவினர் என்று கொள்வோம். ஒரு குழுவுக்குப் புதிய பயிற்சி, மற்றதற்கு வழக்கமான பயிற்சி. தொடக்கத்திலும் மூன்றாம் மாதத்திலும் எஃப்எம்ஆர்ஐ. முதற்குழுவில் மாற்றம் புள்ளியியல் முக்கியத்துவம் பெறுகிறது; மற்றதில் பெறவில்லை. ஆகவே பயிற்சி பயன் தந்தது என்று முடித்துவிடுகின்றனர். இது பிழை. இரு மாற்றங்களுக்கும் இடையிலான வேறுபாடு, அதாவது குழு–காலம் இடைவினை, நேரடியாகச் சோதிக்கப்படவே இல்லை. 2011-இல் நியூவன்ஹாய்ஸ் குழுவினர் முன்னணி இதழ்களின் 513 நரம்பியல் கட்டுரைகளை ஆராய்ந்தனர். இப்பிழைக்கு இடமிருந்த 157 கட்டுரைகளுள் 79 அதைச் செய்திருந்தன. மாணவரை மட்டும் கடிந்து பயனில்லை.

இரண்டாம் பிழை நுண்ணியது. எஸ்பிஎம் மென்பொருளின் ஃப்ளெக்சிபிள் ஃபேக்டோரியல் அமைப்பில் நபர்க் காரணியைச் சேர்த்தால், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு நீங்கிச் சிறிய பிழையே எஞ்சும். காலத்தையும் இடைவினையையும் சோதிக்க அது தகும். குழுக்களின் பொதுச் சராசரியை அதே பிழையால் அளந்தால், இல்லாத வேறுபாடும் படத்தில் ஒளிரும். மென்பொருள் தடுக்காது.

இரு வருகைகளே எனில் தீர்வு மிக எளிது: ஒவ்வொருவருக்கும் ஒரு கழித்தல் படிமம், பின்னர் இரு குழு டி-சோதனை. மூன்றாம் வருகை சேர்ந்ததும் சிக்கல் தொடங்குகிறது. அடுத்தடுத்த அளவீடுகள் நெருங்கியும், தொலைவானவை தளர்ந்தும் ஒட்டுறவு கொள்ளும். சிலர் வராமலும் போவர். அங்கே கலப்பு விளைவு மாதிரிகளே ஏற்றவை. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய சமரேந்திர நாத் ராய், பாட்ஹாஃபுடன் 1964-இல் வெளியிட்ட கட்டுரையில், 27 சிறாரை நான்கு வயதுகளில் அளந்த தரவைக் கொண்டு இத்தகைய சிக்கலையே அணுகினார். அக்கட்டுரை நம் பாடத்திட்டங்களில் அரிதாகவே இடம்பெறுகிறது.

பேச இயலாதவர் ஒருவர் இரைச்சலிடும் குழாய்க்குள் இருமுறை அசையாது படுத்திருக்கிறார். கடந்துபோன மூன்றாம் மாதத்தை மீண்டும் எடுக்க இயலாது. நெறிக்குழுவுக்கு அளிக்கும் விண்ணப்பத்திலேயே எந்த ஒப்பீடு, எந்தப் பிழைப்பதம் என எழுதிவைக்கச் சொல்லலாம். அரைப்பக்கம் போதும்.